மடையை அடைத்துவிட்டு வந்தவன்

போன ஆவணியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா அந்தக் கதையை எடுத்தார். எடுப்பார் என்று தெரியும். பேச்சு வயல் பக்கம் திரும்பினால் அது எந்த வாய்க்கால் வழியாகப் போய் எங்கே விழும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். முதலில், ஆள் கிடைப்பதில்லை. அடுத்து, நூறு நாள் வேலை வந்து ஊரையே மரத்தடியில் உட்கார வைத்துவிட்டது. அப்புறம் நடவுக்கு வங்காளத்திலிருந்து வந்திறங்கும் பையன்களைப் பற்றிக் கொஞ்சம் வியப்பு, கொஞ்சம் கேலி. பிறகு ஒரு பெருமூச்சு. “நம்ம வீட்டுல ஒருத்தன் இருந்தானே…”

பெரியப்பா சொல்கிறபடி கதை இதுதான். ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன இடத்தில் பண்ணையாள் பையனைப் பாம்பு கடித்துவிட்டது. கடித்தது தெரிந்தும் அவன் ஓடிவரவில்லை. திறந்திருந்த மடையை மண் வெட்டிப் போட்டு அடைத்தான். மண்வெட்டியைக் கழுவித் தோளில் போட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினான். கதவு திறந்ததும் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு பாம்பைப் பற்றியதல்ல. “மடையை அடச்சிட்டேங்கய்யா.” இந்த இடத்தில் பெரியப்பா நிறுத்துவார். வெற்றிலையின் காம்பைக் கிள்ளுவார். “அதுக்குப் பேருதான்டா விசுவாசம். இப்ப எவன் இருக்கான் அப்படி?” சுற்றி நின்ற பேரப்பிள்ளைகள், எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள், “ச்சே, பாவம் தாத்தா” என்றார்கள். ஒருத்தன் செல்போனை எடுத்துக்கொண்டான்.

பெரியப்பா அன்றைக்கு ஊரில் இல்லை. திருச்சியில் வேலையாக இருந்தார். கதவு திறந்தபோது அப்பாவுக்குப் பின்னால் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். மண்வெட்டியைக் கழுவியது பெரியப்பா சேர்த்தது. அதில் சேறு அப்படியேதான் இருந்தது, நான் பார்த்தேன். மற்றதெல்லாம் நடந்ததுதான். அந்த ஒரு வார்த்தையும் அவன் சொன்னதுதான். அதனால்தான் இதை “கட்டுக்கதை” என்று தள்ளிவிடவும் முடியவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. கல்லூரி விடுதியில் இதை விசுவாசக் கதையாக நானே இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறேன், குரலைத் தாழ்த்தி, பெரியப்பா நிறுத்தும் அதே இடத்தில் நிறுத்தி. ஒருநாள் வேதாரண்யம் பக்கத்து நண்பன் ஒருவன் கேட்டுவிட்டுச் சும்மா கேட்டான்: “ஏன் அடச்சான்?” விசுவாசம் என்றேன். “அதில்லடா. உன்னைப் பாம்பு கடிச்சா நீ மடையை அடைப்பியா? நான் அடைக்க மாட்டேன். அவன் ஏன் அடச்சான்?” அன்றைக்குத் தூங்கப் போகும்போது அந்தக் கேள்வி கூடவே வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் போகவில்லை.

நோட்டு

எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே, ஒரு கிளை வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்தது 1987இல். அவனுக்குப் பதினொன்று, எனக்கு ஒன்பது. அவன் பெயரை இங்கே எழுதவில்லை; அவன் தம்பி வேண்டாம் என்றார். ஐந்தாவதுவரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். சத்துணவுக்காகத்தான் அனுப்பினோம் என்று அவன் அம்மாவே சிரித்துக்கொண்டு சொல்வார். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு என்றானதும் பள்ளிக்கூடம் நின்றது. மாட்டுக்காரப் பையன். விடியுமுன் வந்து சாணி அள்ளவேண்டும், வைக்கோல் பிடுங்கிப் போடவேண்டும், மாடுகளைக் குளிப்பாட்டி மேய்ச்சலுக்கு ஓட்டவேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டம் அதற்கு முந்தின வருஷம்தான் வந்திருந்தது. பீடி, தீப்பெட்டி, கம்பளம் என்று அந்தச் சட்டம் தடுத்த வேலைகளின் பட்டியலில் மாடு மேய்ப்பது இல்லை. இருந்திருந்தாலும் எங்கள் ஊர்வரைக்கும் யார் வந்து படித்துக் காட்டியிருப்பார்கள்?

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தது அவன். வரப்பில் நடந்துபோகும்போதே எந்த இடத்தில் நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிகிறது என்று உள்ளங்காலாலேயே கண்டுபிடிப்பான். “இங்க சில்லுனு இருக்கு பாருங்க தம்பி” என்பான். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டு வயது மூத்தவன் என்னை வாங்க போங்க என்பான், நான் அவனை டேய் என்பேன். இது எனக்கு விநோதமாகப் பட்டது சென்னைக்கு வந்து பல வருஷம் கழித்துத்தான். அவன் சாப்பிடும் தட்டு மாட்டுக்கொட்டகை எறவாணத்தில் செருகியிருக்கும். எங்களுக்கு வடித்த அதே அரிசிதான் அவனுக்கும் என்பதில் அம்மாவுக்குப் பெருமை. அரிசி அதேதான். தட்டு வைத்த இடம்தான் வேறே.

1991 கடைசியில் அவன் அப்பா இறந்துபோனார். காரியத்துக்கும் அதற்கு முந்திய மருத்துவச் செலவுக்குமாக எங்கள் அப்பா 1,700 ரூபாய் கொடுத்தார். அன்றைய விலைக்கு 24 கலம் நெல்; பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1992 தையிலிருந்து அவன் முழு ஆள்: பதினாறு வயதில் பண்ணையாள். வருஷக் கூலி 12 கலம், சாப்பாடு, தீபாவளிக்கு வேட்டி சட்டை. 12 கலத்தில் பாதி கடனுக்குப் போகும். அப்படியானால் நாலு தை. 1996 தையில் கணக்கு நேராகிவிடும். வட்டி வாங்காதவர் என்று அப்பாவுக்கு ஊரில் பெயர். கை நீட்டி ஒருத்தரையும் அடித்ததில்லை. இதை அப்பா அடிக்கடி சொல்வார், நிஜமும்கூட. சாணியைக் கரைத்துக் குடிக்கவைக்கும் சாணிப்பாலும் சவுக்கடியும் என் தாத்தா காலத்தோடு போயின. 1943இல் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சைக்கு வந்து விவசாயிகளுக்குச் சங்கம் கட்டி, அடித்தால் திருப்பி அடி என்று சொல்லிக்கொடுத்த பிறகு போயின. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு வெண்மணியில் 1968 டிசம்பர் 25 ராத்திரி என்ன நடந்தது என்பது டெல்டாவில் பிறந்த யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை; நாற்பத்துநாலு பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அப்பா அப்போது இளவட்டம். வெண்மணிக்குப் பிறகு எங்கள் பக்கத்து மிராசுதார்களுக்கு வாய் மரியாதையானது. எங்கள் வீட்டில் சவுக்கு கிடையாது, நோட்டு இருந்தது.

அந்த நோட்டை எழுதியவன் நான். அப்பாவின் கையெழுத்து அவருக்கே புரியாது. எட்டாவது படிக்கும்போது கணக்கு நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார். ஆளுக்கு ஒரு பக்கம், மேலே பெயர், இடதுபக்கம் பற்று, வலதுபக்கம் வரவு. (இன்றைக்கும் எனக்குக் கணக்கு எழுதுவதுதான் பிழைப்பு. அப்பா இதைச் சொல்லி மகிழ்ந்துபோவார்.) அவனுடைய பக்கத்தில் நான் எழுதியவை இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. மஞ்சள் காமாலை, 11 நாள் வரவில்லை, பிடித்தம் 4 மரக்கால். வண்டி அச்சு ஒடிந்தது, பிடித்தம் 6 மரக்கால். பிறகு 1994 ஐப்பசியில் ஒன்று: மடை திறந்து கிடந்தது, பிடித்தம் 1 கலம்.

அந்த ஒரு கலத்துக்கு ஒரு கதை உண்டு. அன்றைக்கு எங்கள் முறை ராத்திரி பத்து மணிக்கு. பகலெல்லாம் அண்டை வெட்டியவன் வரப்பில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டான். வயல் நிரம்பி, வரப்பு வழிந்து, விடியவிடியத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்குப் போய்விட்டது. எங்களுடைய மேல் வயலுக்கு ஒரு சொட்டு ஏறவில்லை, அடுத்த முறைக்கு ஐந்து நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பா கத்தவில்லை. திண்ணையில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு, “எழுதுடா” என்றார். அவன் திண்ணைக்குக் கீழே நின்று, ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டிருந்தான். ஐந்தாவது படித்தவன் அல்லவா, தலைகீழாகவே படித்துவிட்டான். “ஒரு கலமா தம்பி?” என்று என்னிடம்தான் கேட்டான். அப்பாவிடம் கேட்கவில்லை. நான் “ஒரு கலம்” என்றேன். மறுபடி ஒருதடவை இப்படி ஆனால் பிடித்தம் கூலியில் இல்லை, கடனில் ஏறும் என்று அப்பா சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஊரில் எல்லா வீட்டிலும் வழக்கம் அதுதான்.

கடனுக்காக ஒருவரை வேலையில் கட்டிப்போடுவதை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அவன் பிறந்ததும் அதே வருஷம்தான். கொத்தடிமை என்ற சொல்லை நான் செங்கல் சூளையோடும் கல் குவாரியோடும் சேர்த்தே படித்திருந்தேன். பூட்டிய கொட்டகை, அடியாள், தப்பி ஓடுதல். எங்கள் வீட்டுத் திண்ணையில் பூட்டு எதுவும் இல்லை. அவன் சாயங்காலமானால் வீட்டுக்குப் போவான், திருவிழாவுக்குப் போவான், எங்களோடு சிரித்துப் பேசுவான். என் கையில் இருந்த ஹீரோ பேனாவை நான் அந்தச் சட்டத்தோடு சேர்த்து யோசிக்கவேயில்லை.

அந்த ராத்திரி

1995 காவிரி இல்லாத வருஷம். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், கடைசியில் பிரதமர் நரசிம்ம ராவின் மேசைவரை போனது. மழையும் ஏமாற்றியது. சம்பாப் பயிர் கருக ஆரம்பித்திருந்த நேரத்தில் முறை வைத்து விட்ட தண்ணீர், தலைமடைக்காரர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்து, கடைமடையான எங்களுக்கு வந்துசேர நடுராத்திரி ஆகும். டீசல் எஞ்சின் வைத்திருந்தவர்கள் ஊருக்கே இரண்டு பேர். கார்த்திகை பாதியில் ஒரு ராத்திரி அவன் மண்வெட்டியும் அரிக்கேன் விளக்குமாகப் போனான். வீட்டில் மூன்று கட்டை டார்ச் இருந்தது. அது என் தலைமாட்டில் இருந்தது. கட்டை தீர்ந்துவிடும் என்று வயலுக்குக் கொடுப்பதில்லை. வெறுங்கால்தான்; சேற்றில் செருப்பு நிற்காது. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் அப்போதும் மன்னார்குடிக் கடையில் இருந்தது, சாக்கடை வேலைக்காரர்களுக்கு என்று. வயலுக்கு அதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்பது யாருக்கும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அதையும் பற்றில்தான் எழுதியிருப்பேன்.

மடை அடைப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கதவை இழுத்து மூடுகிற மாதிரி அல்ல. வாய்க்கால் கரையில் வெட்டிவிட்ட வாய் அது. தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். குனிந்து பக்கத்திலிருந்து களிமண்ணைக் கட்டியாக வெட்டிப் போடவேண்டும். முதல் இரண்டு மூன்று கட்டிகளைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போய்விடும். வைக்கோலையோ புல் கரணையையோ வைத்து, மேலே மண்ணைப் போட்டு, காலால் மிதித்து மிதித்து இறுக்கவேண்டும். நன்றாக இருக்கிற ஆளுக்கே பத்து நிமிஷம். அவன் கடிபட்ட காலால் மிதித்தானா, நல்ல காலால் மிதித்தானா? இதை நான் ரொம்ப காலம் யோசித்தேன். ஒரு காலால் மிதிக்க மற்றக் காலில் நிற்கவேண்டும். எப்படியும் இரண்டும் வேண்டும்.

கதவு தட்டும் சத்தம் கேட்டபோது மணி இரண்டு இருக்கும். டார்ச்சை அடித்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. “மடையை அடச்சிட்டேங்கய்யா.” ஒரு மூச்சு விட்டான். “பூச்சி போட்டுட்டுது.” ராத்திரியில் பாம்பு என்று சொல்லக்கூடாது, பூச்சி என்றுதான் சொல்லவேண்டும். வெளிச்சத்தைக் காலில் இறக்கினேன். கணுக்காலுக்கு மேலே இரண்டு புள்ளி, அதிலிருந்து ரத்தம் நிற்காமல் மெல்லிசாக வழிந்துகொண்டிருந்தது. முழங்கால்வரை வீங்கியிருந்தது. என்ன பூச்சி என்று அப்பா கேட்டார். “சீறுச்சுங்க, குக்கர் மாதிரி. உடம்புல வட்டம் வட்டமா.” கண்ணாடி விரியன்.

அதன் பிறகு நடந்ததை நான் யார்மேலும் கோபத்தோடு சொல்லவில்லை, ஏனென்றால் நானும் அங்கேதான் நின்றேன். தொடையில் கயிறு கட்டினோம், இறுக்கி. வேப்பிலையைக் கொடுத்து மெல்லச் சொன்னோம். கசக்குதா இனிக்குதா என்று அப்பா கேட்டார். கசக்குதுங்க என்றான். எல்லாருக்கும் மூச்சு வந்தது: விஷம் ஏறவில்லை. மிளகு கொடுத்தோம், காரம் தெரிந்தது. இன்னும் நிம்மதி. பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியரைக் கூட்டிவர ஆள் போயிற்று. அவர் வந்து மந்திரித்து, பச்சிலை அரைத்துப் பூசினார். ஆஸ்பத்திரிக்கு விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். வேப்பிலைச் சோதனை எங்கள் ஊரில் வேதம். விரியன் விஷம் நாக்கைத் தொடாது, ரத்தத்தைத்தான் உறையவிடாமல் செய்யும். வாயில் கசப்பு கடைசிவரைக்கும் கசப்பாகத்தான் இருக்கும். இதை நான் தெரிந்துகொண்டது பல வருஷம் கழித்து. கயிற்றை இறுக்கக் கூடாது, நடக்கவிடக் கூடாது, காலை அசையாமல் வைத்துப் படுத்தபடி தூக்கிப்போக வேண்டும் என்பதும் அப்போதுதான். அவன் பத்து நிமிஷம் மிதித்து, ஒன்றரை மைல் நடந்து வந்திருந்தான்.

விடியும்போது ஈறில் ரத்தம் வந்தது. அப்பா டிவிஎஸ் 50ஐ எடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் அந்த வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பவன் அவன்தான், அதில் ஏறியது அன்றைக்குத்தான் முதல் தடவை. பின்னால் அவன் மாமா பிடித்துக்கொண்டார். முதலில் போன ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிஷம் ஆடாமல் வைத்திருந்தார்கள். சாய்த்தபோது தண்ணீர்போல ஓடியது. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் பாட்டில் பாட்டிலாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் நாள் சிறுநீர் நின்றது. ரத்தத்தைச் சுத்திகரிக்கும் மிஷின் அங்கே இல்லை. நாலாம் நாள் காலையில் இறந்துபோனான். பத்தொன்பது வயது.

அவனுக்கு ஏற்றிய அந்த மருந்தைப் பற்றிப் பிற்பாடு படித்தேன். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது. அந்த விஷத்தில் பெரும்பங்கு மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர்கள் 1978இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் வரிசையில் சேர்த்தது 2017இல். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், வருஷத்துக்குச் சராசரி 58,000 என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நம் மாநிலம் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது; இனி ஒவ்வொரு கடியையும் ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தச் செய்தியை மெட்ரோ ரயிலில் நின்றுகொண்டு படித்தேன். நல்ல காரியம். கடித்த பாம்பு எது, எத்தனை மணிக்கு, எந்தக் காலில், எத்தனை பாட்டில் மருந்து, எல்லாம் இனிப் பதிவாகும். கடித்த பிறகு பத்து நிமிஷம் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இருக்காது.

திருப்பூர்

கல்யாணத்திலிருந்து திரும்பிய வாரம், ஊரில் இருக்கும் ஒருவரைப் பிடித்து அவன் தம்பியின் எண்ணை வாங்கினேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பதைத் தாண்டிவிட்டார். யார் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. “சொல்லுங்க சார்” என்றார். சிறுவயதில் அவர் என்னைச் சின்னய்யா என்பார். சார் என்றது எனக்கு நிம்மதியாக இருந்தது. எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டுவிட்டேன்: அன்றைக்கு உங்கள் அண்ணன் ஏன் மடையை அடைத்துவிட்டு வந்தார்?

“ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?” என்றார். கிண்டலில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அந்தத் தையோட கணக்கு தீருதுல்ல. மாமன் மவன் இங்க கம்பெனியில இருந்தாரு. பொங்கல் முடிஞ்சு வான்னு சொல்லியிருந்தாரு. பங்குனித் திருநாளப்பவே அண்ணன் மன்னார்குடியில ஒரு ரெக்ஸின் பை வாங்கி வச்சிருந்திச்சு. எறப்புல தொங்கிட்டிருக்கும், என்னைத் தொடவிடாது. முந்தின வருசம் தூங்கினதுக்கு ஒரு கலம் போச்சுல்ல? மறுபடி அப்படி ஆச்சுன்னா கடன்ல ஏறிரும், தையில கெளம்ப முடியாது. அந்தக் கார்த்திகை பூரா அம்மாகிட்ட இதே பேச்சுதான். இன்னிக்குத் தூங்கிரக்கூடாது, இன்னிக்குத் தூங்கிரக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டேதான் போகும்.”

அந்த ரெக்ஸின் பை எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எட்டு வருஷம் எங்கள் கொல்லையில் சாப்பிட்டவன் எங்களைவிட்டுப் போவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தான் என்பதை நாங்கள் ஒருவரும் கவனிக்கவில்லை. போகிறேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது; சொல்லாமல் இருந்தான். அந்த ராத்திரி கதவு திறந்ததும் அவன் அப்பாவிடம் சொன்ன முதல் வார்த்தையை இப்போது நான் வேறு மாதிரி கேட்கிறேன். ரசீது கேட்பவனின் குரலில் கேட்கிறேன். அவன் என்னையும் பார்த்துத்தான் சொன்னான், டார்ச் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எழுதுகிறவன் நான்தானே.

தம்பி மேலும் கொஞ்சம் பேசினார். இப்போது அங்கே தண்ணீர் பார்ப்பது யார் என்று விசாரித்தார். போர் போட்டாகிவிட்டது, குத்தகைக்காரர் வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டாரைப் போடுகிறார் என்றேன். “பரவால்லையே” என்றார். மகள் நர்சிங் படிக்கிறாளாம். போனை வைக்குமுன் ஒன்று சொன்னார்: “நீங்க என் பக்கத்துலயும் எழுதினீங்களே சார், ஒம்பது மரக்கால்.”

எழுதினேன். அவன் இறந்தது டிசம்பர் 1. தை பிறக்க ஒன்றரை மாதம் இருந்தது. வருஷம் முடியாவிட்டால் அந்த வருஷத்துக் கழிவே கிடையாது என்பது ஊர் வழக்கம். அப்பா அப்படிச் செய்யவில்லை. வேலை செய்த நாளுக்குக் கணக்குப் பார்த்துக் கழிக்கச் சொன்னார். சாவுச் செலவு முழுக்க அவரே போட்டார், அதை நோட்டில் ஏற்றவேண்டாம் என்றார். ஆறு கலத்தில் மீதி ஒன்றரை மாதத்துக்குப் பாக்கி முக்கால் கலம், ஒன்பது மரக்கால். அதை மட்டும் விட்டுவிடலாமே என்று அம்மா சொன்னார். கணக்கு கணக்காக இருக்கட்டும் என்றார் அப்பா. தை மாதம் அவன் அம்மா இரண்டாவது மகனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார், பன்னிரண்டு வயது, செலவுக்கு மறுபடி பணம் வேண்டியிருந்தது. நான் புதுப்பக்கம் திருப்பி, பையனின் பெயரை எழுதி, முதல் வரியில் முன்பாக்கி 9 மரக்கால் என்று எழுதினேன். என் கையெழுத்து அப்போது மிகவும் நன்றாக இருக்கும்.

போன வாரம் பெரியப்பாவிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். ஒரு கலம், ரெக்ஸின் பை, திருப்பூர், எல்லாம். பொறுமையாகக் கேட்டார். எண்பத்துமூன்று வயது, காது கொஞ்சம் மந்தம், இரண்டு இடத்தில் திரும்பச் சொல்லவேண்டியிருந்தது. முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அதெல்லாம் இருக்கட்டும்டா. மடையை அடச்சானா இல்லையா?”

“அடச்சான்” என்றேன்.